நான்காம் வார்டு உறுப்பினருக்கு அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பாவும் இடது குதிகால் நீங்கலாக மற்ற இடமெல்லாம் சுகம், அங்கே நீ தலை முதல் கால் வரை சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் மறைக்காமல் எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தைத் தேடுகிறாள் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து காதை ஒட்டிக்கொள்கிறார், நீயும் பஸ்ஸில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோதான் பேசுகிறாய், இது ஏறி இறங்குகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. முதலில் உட்கார். கையில் சூடாக ஏதாவது இருந்தால் கீழே வைத்துவிடு. நீ எட்டு மாதமாக நம் ஊர் மன்றத்தில் நான்காம் வார்டு உறுப்பினராக இருக்கிறாய். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டாய். பதவிப் பிரமாணம்கூட ஆகிவிட்டது, தபாலில்.

கோபப்படுவதற்கு முன் நடந்ததைக் கேள். போன வருஷம் மாவு மில்லுக்கு எதிரே இருக்கிற சாக்கடை நிரம்பி நம் வாசல் வரைக்கும் வந்தது இல்லையா, அதைச் சொல்லலாம் என்றுதான் மன்ற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே செயலர் என் புகாரைக் காதிலேயே வாங்கவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உனக்கு அவரைத் தெரியும், மன்றத்தின் எழுத்து வேலை முழுவதும் பார்க்கிறவர், விதிப் புத்தகத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். இந்த வருஷம் ஊர் மன்றங்களை வலுப்படுத்தும் ஆண்டு என்று மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம், ஏழு உறுப்பினரும் முழுசாக இருக்கிற மன்றத்துக்குத்தான் இனிமேல் நிரந்தர நர்ஸ் கொடுப்பார்களாம், ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் அந்த நர்ஸ் பக்கத்து ஊருக்குப் போய்விடுவாராம். அன்றைக்கு ஐந்து மணியோடு மனு வாங்குவது முடிகிறது, ஆறு வார்டுக்கும் ஆள் வந்தாயிற்று, நம் வார்டில் மட்டும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மணி நாலே முக்கால். அப்பாவுக்குக் குதிகாலில் அந்தப் புண் அப்போதே இருந்தது, செருப்பு கடித்தது என்று ஆறு வாரமாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார், சர்க்கரை உள்ள உடம்பு, கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போக வர நாலு மணி நேரம் பஸ். நம் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டடம் மாதத்துக்கு ஒரு நாள் திறப்பார்கள், அன்றைக்கும் வவ்வாலை விரட்டத்தான் நேரம் இருக்கும். நான் அந்த மனுவைக் கையில் வாங்கிவிட்டேன்.

என் பெயரைத்தான் எழுத உட்கார்ந்தேன், அதை நம்பு. இரண்டாவது வரியில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருந்தது. நம் வீட்டு அகல அளவுக்கு இருந்தது அந்தக் கட்டம். அதில் எட்டாம் வகுப்பு என்று எழுதினால் மிச்ச இடம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் போலிருந்தது. உன் பெயர்தான் இன்னும் நம் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதே, உன் படிப்பை எழுதினால் கட்டம் நிறைந்து அடுத்த வரிக்கும் போகுமே என்று தோன்றியது. எழுதிவிட்டேன். கையெழுத்தையும் நானே போட்டேன். நீ ஒன்பதாம் வகுப்பில் மார்க் அட்டையில் என் கையெழுத்தைப் போட்டாயே, அதற்கும் இதற்கும் சரியாகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். செயலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அப்பாவிடம் நீ சம்மதித்துவிட்டாய் என்று சொன்னேன். ஆனால் உன் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து, அதனால் போனில் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். அதிலிருந்துதான் அவர் உன்னிடம் ஒரு தினுசாகப் பேச ஆரம்பித்தார். 'நம்ம விஷயம் நல்லாப் போகுதும்மா', 'ஊரே உன்னத்தான் பேசுது' என்று அவர் சொல்வதும், நீ ஒன்றும் புரியாமல் 'சரிப்பா சரிப்பா' என்பதும், அதைக் கேட்டு அவர் எனக்குக் கண்ணடிப்பதும் எட்டு மாதமாக நடக்கிறது. போன மாதம் நீ அவருக்கு வயசாகிவிட்டதா, குழப்பமாகப் பேசுகிறாரே என்று கவலைப்பட்டுக் கேட்டாய். அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை, எல்லாம் என் கைங்கரியம்.

மன்றம் நடக்கிற இடத்தை நீ பார்க்க வேண்டும். பழைய தபால் ஆபீஸ்தான், தபால் போடுகிற ஓட்டை இன்னும் சுவரில் இருக்கிறது, கூட்டம் நடக்கும்போது அதன் வழியாக வெளியிலிருந்து இரண்டு கண் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்குப் பெயர் பொதுமக்கள் பங்கேற்பு. வலுப்படுத்தும் திட்டத்தில் முதலில் வந்தது ஓர் இரும்பு அலமாரி. அது வாசலைவிடப் பெரியது. உள்ளே போகாததால் தெருவைப் பார்த்தபடி வெளியே நிற்கிறது, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், சாவி தலைவர் இடுப்பில். மேலே இருந்து எங்கள் வலுவை அளக்க ஒருவர் வந்தார், அலமாரி உண்டா என்று கேட்டார், உண்டு என்றோம், அதற்குப் பத்து மதிப்பெண். அது எங்கே இருக்கிறது என்று அவருடைய படிவத்தில் கேள்வி இல்லை, மழைக்கு அதன் தார்ப்பாய்க்கு அடியிலேயே ஒதுங்கி நின்றுதான் எழுதிக்கொண்டு போனார்.

உறுப்பினர் நாற்காலி ஏழு. உன் நாற்காலிக்கு முன்னால் உன் பெயரும் உன் இரண்டு பட்டமும் எழுதிய பலகை இருக்கிறது. வர முடியாத உறுப்பினருக்காக வீட்டு மனிதர் வந்து கருத்துச் சொல்லலாம், ஆனால் நாற்காலியில் உட்காரக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது என்று விதியாம். அதனால் உன் நாற்காலி காலியாக இருக்கும், பக்கத்தில் ஒரு முக்காலியில் நான் இருப்பேன். தேநீர் உறுப்பினருக்கு மட்டும், ஏழு தம்ளர். உனக்கு வைத்த தேநீர் உன் பலகைக்கு முன்னால் ஆடை கட்டிக்கொண்டு ஆறிப்போகும், எனக்கு நாக்கு வறண்டுபோகும். மூன்றாவது கூட்டத்தில் பொறுக்காமல் எடுத்துக் குடித்துவிட்டேன். செயலருக்கு வியர்த்துவிட்டது. இருபது நிமிஷம் விவாதித்து, நான்காம் வார்டு உறுப்பினரின் தேநீரை அவருடைய தாயார் உறுப்பினரின் சார்பில் அருந்தலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அதுதான் இந்த மன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம்.

நீ மூன்று நாள் பயிற்சிக்கும் போய் வந்தாய். தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி என்று ஒரு பெரிய மண்டபத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் உறுப்பினர் இல்லை, அவள் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன், பட்டியலில் அம்மா என்று யாரும் இல்லை என்றார் பயிற்சிக்காரர். மூன்று நாளும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். கடைசி நாள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நான் ஒரு தலைவர் என்று ஐந்து முறை சொல்ல வேண்டும். நான் 'என் பொண்ணு ஒரு தலைவர்' என்று சொன்னேன். சிறந்த பங்கேற்பாளர் என்று உனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கடைத்தெருவில் யாராவது உன் பெயரைச் சொன்னால் நான் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்தவள் நான்தான், அதற்குள் நானே குடிபோவேன் என்று நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்குக் கால் மணி முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ் இப்போது விட்ட பிறகு வருகிறது, பிள்ளைகள் மூன்று மைல் நடப்பதில்லை. நீதான் சொன்னாய். பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற எழுத்தர் எப்போது வருவார் என்று ஊரே கிளி ஜோசியம் பார்க்காத குறைதான், இப்போது செவ்வாய்க்கிழமை என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள், அதுவும் நீதான். மாவு மில் சாக்கடையைத் தூர் வாரி மேலே கல் போட்டாயிற்று. இதற்கெல்லாம் ஓட்டெடுப்பு வரவில்லை, நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன், மற்றவர்களுக்குப் பசி வந்துவிட்டது, சரி என்று ஒத்துக்கொண்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்காம் வார்டு உறுப்பினர் கேட்டுக்கொண்டபடி என்று செயலர் அழகான கையெழுத்தில் எழுதி, நகலைச் சுவரில் ஒட்டுவார். தபால்காரர் முதல் பால்காரர் வரை என்னை நிறுத்தி, 'அவ்ளோ தூரத்துல இருந்தாலும் உங்க பொண்ணுக்கு ஊர் மேல என்ன அக்கறை பாருங்க' என்கிறார்கள். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு, 'அவ என்னை மாதிரி, சின்ன வயசுலயே தெரியும்' என்கிறார். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

நர்ஸ் வந்தது நான்கு மாதம் முன்னால். சின்னப் பெண்தான், குரல் மட்டும் பஸ் கண்டக்டர் குரல். வந்த முதல் வாரமே அப்பாவைப் பிடித்து உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றச் சொன்னது. பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா கால எடுக்கச் சொல்லியிருப்பாங்கம்மா' என்றது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், உன்னிடம் போனில் தூசி விழுந்த கண் என்றேன். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம், அது உனக்குத் தெரியும், அதை அவர் வீறாப்பாக மாற்றிக்கொள்வார். இப்போது தினம் காலையில் போய்க் கட்டுப் போட்டுக்கொள்கிறார், புண் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டது. நர்ஸ் போய்விட்டால் மறுபடி செருப்பு கடித்தது என்பார். எனக்கு அவர் கால் வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு அவர் இந்த வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். இந்தக் கடிதம் முழுவதும் அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் குழாய் இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் தண்ணீர், நானும் மில் அக்காவும் முறை வைத்துக் கேனில் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறோம். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வருவார்கள், குழாய் இல்லாத ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸை மாற்றிவிடுவார்கள். குழாயே வந்திருக்க வேண்டும் என்று இல்லை, குழாய் போடுகிறோம் என்று மன்றம் தீர்மானம் போட்டிருந்தால் போதுமாம், தண்ணீர் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்களாம். திட்டத்தில் ஒரே ஒரு வேலைக்குப் பணம் இருக்கிறது. குழாய்க்குப் போடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் தலைவர் எழுந்து, ஊர் நுழைவாயிலில் வளைவு கட்ட வேண்டும் என்றார். வலுப்பெற்ற ஊர் உங்களை வரவேற்கிறது என்று அதில் எழுதவேண்டுமாம். வலுப்பெற்றிருக்கிறோம் என்பது வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார், நியாயமான கேள்விதான்.

வளைவைப் பற்றி மூன்று கூட்டம் பேசினார்கள். பஸ் அடியில் போகவேண்டுமே என்று அப்பாவைக் கூப்பிட்டு பஸ்ஸின் உயரத்தை டேப்பால் அளக்கச் சொன்னார்கள், அவர் கட்டுப் போட்ட காலோடு ஏணியில் ஏறிவிட்டார், நர்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்திய கத்தலில் பஸ் டிரைவரே இறங்கி நின்றார். நம் ஊருக்கு வழி இரண்டு, மேற்கிலிருந்து வருகிறவரை யார் வரவேற்பது என்று மேற்கு வார்டு சிமெண்ட் கடைக்காரர் கேட்டார், அவர் உறுப்பினர், சிமெண்டும் அவருடையதுதான். வளைவின் மேல் ஏழு உறுப்பினர் முகமும் வரைய வேண்டும் என்று போட்டோ கேட்டார்கள். உன் பாஸ்போர்ட் போட்டோதான் என்னிடம் இருந்தது, பல்வலியோடு எடுத்தாயே அது. மாதிரிக்கு வரைந்து பார்க்க இடம் இல்லாமல் பெயிண்டர் அந்த இரும்பு அலமாரிக் கதவில் உன்னை வரைந்திருக்கிறார். இரண்டு ஆள் உயரத்துக்கு நீ தெருவை முறைத்துக்கொண்டு நிற்கிறாய். அலமாரிப் பக்கம் இப்போது யாரும் குப்பை போடுவதில்லை, அது ஒரு நன்மை.

ஓட்டெடுப்பு வந்தது. குழாய்க்கு டெய்லர், மில் அக்கா, ஓய்வு பெற்ற வாத்தியார் மூன்று பேர். வளைவுக்குத் தலைவர், சிமெண்ட் கடைக்காரர், மூன்றாவதாக லாரி டிரைவர். லாரி டிரைவர் வரவில்லை, அவர் எப்போதும் வழியில்தான் இருப்பார், அவருடைய காகிதம் வந்தது, உறுப்பினர் கையெழுத்துப் போட்ட காகிதமும் ஓட்டாகுமாம். அந்தக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பதவி ஏற்றவுடன் அவர் வெற்றுக் காகிதம் ஒரு கட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், தேவைப்படும்போது எழுதிக்கொள்ளுங்கள் என்று. அந்தக் கட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி எங்கே என்று முன்னாடியே சொன்னேன். இதுவரை அந்தக் காகிதங்களில் அவர் தலைவரைப் பதினோரு முறை பாராட்டியிருக்கிறார், கூட்டத்துக்குத் தவறாமல் வருவதற்காகத் தன்னையே ஒருமுறை பாராட்டிக்கொண்டிருக்கிறார், இப்போது வளைவு கேட்டிருக்கிறார். போன வாரம் ஊருக்கு வந்தபோது வாத்தியார் அவரைப் பிடித்துக் காட்டினார். 'நானா வளைவு கேட்டேன்?' என்று ஆச்சரியப்பட்டார், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், 'கையெழுத்து என்னுதுதான், கேட்டிருப்பேன் போல' என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

ஆக மூன்றுக்கு மூன்று. எல்லோரும் உன் நாற்காலியைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன், செயலர் விதியைப் படித்தார், தூக்கிய கையைக் கீழே போட்டேன். நர்ஸ் இருப்பதா போவதா என்பது ஒரு காலி நாற்காலியின் கையில் இருக்கிறது, அதற்குக் கை இல்லை. மறுநாள் செயலர் வீட்டுக்கே வந்தார். கெட்டவர் இல்லை, என்னைப் பார்த்து மனசு கேட்கவில்லை. உன்னிடம் கையெழுத்து வாங்க இருபத்து நாலு வெற்றுக் காகிதம் கொண்டு வந்தார், எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருந்தார், தேதி போட வேண்டாம் என்றார். லாரி டிரைவர் மாதிரி இருந்துவிட்டால் உங்கள் பெண்ணுக்கும் தொல்லை இல்லை, குழாய்க்கும் ஓட்டு விழும் என்றார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அலமாரியில் என்றார்.

வேண்டாம் என்றேன், அலமாரிக்காக மட்டும் இல்லை. அன்று காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது நர்ஸ், அவர் வழக்கம்போல உன் புகழ் பாடிக்கொண்டிருந்தார், பஸ் நேரம், சாக்கடை, செவ்வாய்க்கிழமை என்று. நர்ஸ் என் பக்கம் திரும்பி, 'இதெல்லாம் உங்க பொண்ணு போன்ல சொல்லிக் கொடுப்பாங்களாம்மா?' என்று கேட்டது. நான் ஆமாம் என்றேன். பழக்கதோஷம், யோசிக்காமல் வந்துவிட்டது. காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த சாக்கடைக்காக ஐந்து கூட்டம் பேசியவள் யார், தொண்டை கட்டியது யாருக்கு, பஸ் டிப்போவில் போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தது யார். வேறு யாரும் என்னை ஏமாற்றவில்லை மகளே, ஒரு கட்டத்துக்கு வெட்கப்பட்டு என்னை நானே அழித்துவிட்டேன், ரப்பரால் அழிக்கிற மாதிரி. உன் மேல் பொறாமையா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன். பெற்ற பெண் மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு இது போகக் கூடாது.

அதனால் இருபத்து நாலு காகிதத்தில் இருபத்து மூன்றை வைத்துக்கொண்டு, மளிகைக் கணக்கெழுத உதவும், ஒன்றை மட்டும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் ராஜினாமாக் கடிதத்தை உன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்ன எழுத வேண்டும் என்று தனியாக ஒரு துண்டில் இருக்கிறது, சொந்தக் காரணங்களால் என்று போட்டால் போதும். அது வந்து சேர்ந்த முப்பது நாளில் இடைத்தேர்தல் வைப்பார்களாம், அதுவரை காலி நாற்காலியைப் பொறுத்துக்கொள்வார்களாம், பரிசோதனைக்கு முன்னால் குழாய்த் தீர்மானத்துக்கு நேரம் இருக்கிறது. கோப்பில் இருக்கிற கையெழுத்தோடு உன் கையெழுத்து பொருந்தாதே என்று செயலர் பயந்தார், நீ என்னுடையதைப் பார்த்து அதே மாதிரி போட முடியுமா என்று கேட்டார். முடியாது, உன்னுடையது எப்படியோ அப்படியே போடு. கேட்டால் முதலில் போட்டது நான் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றேன். அதற்கு என்ன தண்டனை என்று அவர் விதிப் புத்தகம் முழுவதும் தேடினார். மகளின் கையெழுத்தை அம்மா போட்டால் என்ன செய்வது என்று எங்கேயும் இல்லையாம், மனைவியின் கையெழுத்தைக் கணவர் போடுவதற்கு மட்டும் மூன்று பக்கம் வசதி செய்து வைத்திருக்கிறார்களாம்.

இடைத்தேர்தலில் என் பெயரில் நானே நிற்கப்போகிறேன், சும்மா கிடைத்துவிடும் என்று நினைக்காதே. தலைவர் சைக்கிள் கடைக்காரரை நிறுத்தப்போகிறார். நல்ல மனிதர், எல்லோருக்கும் சும்மா காற்றடித்துக் கொடுப்பவர், அது ஒரு நூறு ஓட்டு. நான் தோற்றால் வளைவு வரும், நர்ஸ் போகும், அப்பாவை வாரம் மூன்று நாள் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போவேன், வேறு வழி இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோற்றாலும் நான் தோற்க வேண்டும், உன் பெயரை ஜெயிக்க வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருக்க இனி என்னால் முடியாது. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நீ வரும்போது நம் வீட்டு நாற்காலிக்கு வா, அங்கே கால் நீட்டி உட்கார்ந்து என்னைத் திட்டு.

அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 'அப்ப பஸ் நேரத்த மாத்துனது?' என்றார். நான்தான் என்றேன். 'சாக்கடை?' அதுவும் நான்தான். 'அப்ப என் புள்ள எட்டு மாசமா ஒண்ணுமே செய்யலையா' என்று அப்படி ஒரு வருத்தம் அவருக்கு, சாப்பிடவே இல்லை. காலையில் எழுந்ததும் எனக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டேன். யோசிக்கணும் என்கிறார். சைக்கிள் கடைக்காரருக்கு வயசு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, வீட்டில் வேலை இல்லாதவர், மன்றத்துக்கு நேரம் ஒதுக்குவார் என்று என்னிடமே எடுத்துச் சொல்கிறார். நாற்பது வருஷம் நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். சண்டை போட்டுப் பார்த்தேன், ஓட்டு ரகசியமானது என்று பேப்பரை விரித்துக்கொண்டார். நர்ஸிடம் முறையிட்டேன், கட்டை இறுக்கிப் போட்டது, அப்போதும் மனிதர் அசையவில்லை.

இனி உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பஸ்ஸில் ஏறாமல் ஓர் இடத்தில் நின்று அவரிடம் பேசு. அம்மா கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டாம், அதற்கு மசிய மாட்டார், அவர் குதிகாலைப் பற்றிப் பேச்செடுத்து அங்கிருந்து குழாய்க்கு வா. எட்டு மாதம் நான் உனக்காகப் பேசினேன், நீ எனக்காக ஒரே ஒரு தடவை பேசு.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, தலையை ஈரத்தோடு கட்டாதே, பல்லை டாக்டரிடம் காட்டிவிட்டு வா. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நீண்ட நாள் நன்றாக இரு, இது என்னுடைய ஆசீர்வாதம், அப்பாவுடையது அவர் வருத்தம் தீர்ந்ததும் தனியாக வரும். ராஜினாமாவைப் பதிவுத் தபாலில் அனுப்ப மறக்காதே, தேதி முக்கியம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நான்காம் வார்டு வேட்பாளர்.